ஸ்கேனர் விளக்கு எரியுது, உள்ளே வாங்க!

1869 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வந்தது. ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று பெயர். எழுதியவர் ஆபிரகாம் ஜோசப். கோப்பித் தோட்ட வேலையைக் கும்மிப் பாட்டில் சொல்லித் தருகிற புத்தகம்! கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. இலங்கைத் தோட்ட வாழ்க்கையைப் பற்றித் தமிழில் அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று.

அதே 1869 இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்தது. தோட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள். இலை பேராதனைப் பூங்காவுக்குப் போனது. அங்கே பொறுப்பில் இருந்த துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணங்களை ஆராய்ந்த பெர்க்லி அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்து, அந்த ஆண்டு முடியுமுன்பே லண்டன் சஞ்சிகை ஒன்றில் எழுதியும்விட்டார். கோப்பியை அடியோடு சாய்த்து, மலை முழுக்கத் தேயிலை ஏறக் காரணமான நோய் அது.

ஒரே வருஷம், ஒரு புத்தகம், ஓர் இலை, இரண்டு பயணங்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. நோய் பிடித்த இலைக்கு உடனே கப்பல் கிடைத்தது, பதிலும் கிடைத்தது. பாட்டுப் புத்தகமோ பெரிய நூலகங்களின் அலமாரிகளில் ஒதுங்கி, தான் யாரைப் பற்றிப் பாடியதோ அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே கிடந்தது. பதுளையில் பிறந்து லண்டனில் வாழ்கிற மு. நித்தியானந்தன், 2014 இல் க்ரியா வெளியிட்ட ‘கூலித்தமிழ்’ நூலில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பதுளைக்காரர் ஒருவர் லண்டனில் இருந்து எழுத, சென்னையில் அச்சாகி, தோட்டத்துக் கதை தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. எவ்வளவு பெரிய சுற்று!

இப்போது அந்தச் சுற்று சுருங்கிவிட்டது. பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தின் தோட்டம் ஒன்றில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் தாள், பெட்டியை விட்டு நிரந்தரமாக வெளியேறாமலே கனடாவுக்குப் போகலாம், கலிபோர்னியாவுக்குப் போகலாம், அங்கிருந்து ஊவாவின் மீரியபெத்தைத் தோட்டத்துப் பிள்ளையின் போனில் வந்து திறக்கலாம். இது நடக்கிற அறைக்குள் உங்களை அழைத்துப்போகத்தான் எழுத உட்கார்ந்தேன். வாங்க. கையை மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய தாளுக்கு ஈரக் கை ஆகாது.

*

முதலில் பெட்டியைத் திறப்போம்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் புத்தக அலமாரி இருப்பது அபூர்வம். ஆனால் காகிதம் இல்லாத வீடே கிடையாது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்கு அடியில் பொலித்தீன் பை, பைக்குள்ளே இன்னொரு பை. ஏன் இவ்வளவு பத்திரம்? 1948 இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை போனது. 1949 இல் வந்த சட்டம், விண்ணப்பித்தால் தரலாம் என்றது. ஆனால் திருமணமானவர் என்றால் 7 ஆண்டு, மற்றவர் என்றால் 10 ஆண்டு இந்த நாட்டில் இடைவிடாமல் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? தோட்டத் துரை எழுதித் தந்த கடிதம், பிறப்புப் பதிவு, பள்ளிக்கூட வரவு, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருக்கும் பேர். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தபோது இன்னும் ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்தது. ஒரு துண்டுத் தாள் இல்லாததால் நாடு மாறிப்போன குடும்பங்கள் உண்டு. ஆகவே மலையகத்தில் பாட்டி ஒருத்தி பழைய கடுதாசியை எறியாமல் வைத்திருந்தால், அவள் தேர்ந்த ஆவணக் காப்பாளர் என்றே நான் சொல்லுவேன். பட்டம்தான் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டிகளில் கடுதாசி மட்டுமா இருக்கிறது? தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கோயில் திருவிழா நோட்டீஸ், காமன் கூத்துப் பாட்டை எழுதி வைத்த அப்பியாசக் கொப்பி, பள்ளிக்கூட ஆண்டு மலர், பதுளை ஸ்டூடியோவில் பிடித்த கல்யாணப் படம். ‘குன்றின் குரல்’, ‘கொழுந்து’, ‘தீர்த்தக்கரை’, ‘நந்தலாலா’ என்று மலையகத்தில் எத்தனை சஞ்சிகைகள் வந்தன! சில ஒரு கை விரலுக்குள் எண்ணக்கூடிய இதழ்களோடு நின்றுபோயின. அவற்றில் ஒன்று முழுசாக, அட்டையோடு கிடைத்தால் ஆவணக்காரர்கள் எப்படித் துள்ளுவார்கள் தெரியுமா! நானும் துள்ளுவேன்.

எதிரிகள் மூன்று. இராமபாணப் பூச்சி, கறையான், ஊவாவின் பனி. முதல் இரண்டையும் விரட்டலாம். பனிதான் பொல்லாதது. காலையில் கூரை வழியாக இறங்கி, மாலையில் அடுப்புச் சூட்டில் காய்ந்து, மறுபடி இறங்கி, தாளை அப்பளம்போல் நொறுங்க வைத்துவிடும்.

*

இனி அறைக்குள் போவோம். விளக்கு எரிகிறது பாருங்கள்.

நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 இல் கோபியும் மயூரனும் தொடங்கிய தன்னார்வ முயற்சி, பின்னால் நூலக நிறுவனமாக வளர்ந்தது. இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல், சஞ்சிகை, பத்திரிகை, மலர், துண்டுப்பிரசுரம் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அங்கே இருக்கின்றன. எல்லாம் இலவசம். அதற்கு முன்னோடியாக 1998 இல் சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் இருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த நினைவும் பின்னணியில் இருந்தது. எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. அந்தக் காயம்தான் ‘இன்னொரு பிரதி எங்கே?’ என்ற கேள்வியை ஈழத்தமிழர் மனதில் நிரந்தரமாக உட்கார வைத்தது.

ஒரு புத்தகம் உள்ளே வந்ததும் என்ன நடக்கும்? முதலில் மெல்லிய தூரிகையால் தூசு தட்டல். துருப்பிடித்த கம்பிப் பின்னைக் கழற்றல். இதுக்குப் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் தாளோடு பிய்ந்து வரும். தாள் திடமாக இருந்தால் தட்டை ஸ்கேனர். நொறுங்குகிற தாள் என்றால் கவிழ்க்கவே கூடாது. இரண்டு பக்கமும் சாய்ந்த தொட்டில் ஒன்றில் புத்தகத்தைப் பாதி திறந்து மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே இருந்து கமெராவால் பிடிப்பார்கள். பக்கத்திலேயே நிறங்களை அளக்கும் பட்டையும் ஒரு சின்ன அளவுகோலும் வைப்பார்கள். நூறு வருஷம் கழித்துப் பார்ப்பவருக்குத் தாளின் உண்மையான நிறமும் அளவும் தெரிய வேண்டுமே!

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பிறப்பு. மூலக் கோப்பு ஒன்று: பெரியது, எதையும் சுருக்காதது, பூட்டி வைப்பது. வாசிக்கும் பிரதி இன்னொன்று: ஓரத்துக் கறுப்பை வெட்டி, சாய்ந்த வரியை நிமிர்த்தி, சுருக்கி, பிடிஎஃப் ஆக்கியது. மூலக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு எடுத்த ஒரு நீளமான எழுத்து – எண் வரிசை உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை மாறிவிடும். வருஷங்கள் கழித்துக் கணினி திரும்பக் கணக்கிட்டு, பழைய வரிசையோடு ஒத்துப்பார்த்து, ‘எல்லாம் அப்படியே இருக்கு’ என்று சொல்லும். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற வேலையை இங்கே கணினி பார்க்கிறது!

அடுத்தது என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம். பட்டியல் எழுதும் மேசை. நூலகத்தின் தளம் விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம். நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்குக் கீழேதான் பொக்கிஷம்: ‘உள்ளடக்கம்’. ஒரு சஞ்சிகை இதழில் இருக்கும் கதை, கவிதை, கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருப்பார். அவர் பேர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் அன்றைக்கு ‘லயம்’ என்ற தலைப்பைத் தட்டியிராவிட்டால், இன்றைக்குப் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலையில் உயர்தர மாணவி ஒருத்தி தேடும்போது அந்தக் கவிதை வராது. ஸ்கேன் செய்து மட்டும் போட்ட புத்தகம், முகவரி எழுதாத கடிதம். பட்டியல்காரர்தான் முகவரி எழுதுகிறவர். கூட்டு முயற்சிகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கருவிக்கு அள்ளிக் கொடுத்துப் பட்டியலுக்குக் கிள்ளிக் கொடுப்பதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அள்ள வேண்டிய இடம் இந்த மேசை.

வாசிக்கும் சுட்டிக்குப் பக்கத்தில் கோப்பின் பருமன் எத்தனை எம்பி என்று போட்டிருக்கும். கொழும்பில் இருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார். தோட்டத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ரீலோட் காசு போகுதே! 2021 இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்குச் சிக்னல் தேடி மலையேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது, நினைவிருக்கும். அந்த எம்பி எண்ணைப் போட வேண்டும் என்று முதலில் நினைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தேடிப் பாருங்கள், பதுளை எப்படி மேலே வருகிறது என்று! தெளிவத்தை ஜோசப் இருக்கிறார். ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து, வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டவர். 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022 இல் மறைந்தார். அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி ‘நாமிருக்கும் நாடே’ 1979 இல் வந்தது. வெளியிட்டது வைகறை. நடத்தியவர் யார் தெரியுமா? அதே மு. நித்தியானந்தன்! என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ம் அந்த வைகறை தந்ததுதான். அன்றைக்குச் சில நூறு வீடுகளுக்குப் போயிருக்கக்கூடிய இரண்டு புத்தகங்கள் இன்று நூலகத்தில் திறந்து கிடக்கின்றன.

*

இனி மேசைக்குப் பின்னால் இருக்கும் கதவு. இதைத் திறந்தால் கடல்!

படம், குரல் பதிவு, காணொளி, சுவடி இவற்றுக்கென்று நூலக நிறுவனம் ‘ஆவணகம்’ என்ற தளத்தை வைத்திருக்கிறது. அது ஐலண்டோரா என்ற திறந்த மூல மென்பொருளில் கட்டியது. ஐலண்டோரா பிறந்தது 2006 இல், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழக நூலகத்தில். அத்திலாந்திக் கடலில் கிடக்கும் அந்தச் சின்ன மாகாணம் எதற்குப் பேர் போனது? உருளைக்கிழங்குக்கு! வெலிமடையும் பண்டாரவளையும் எதற்குப் பேர் போனவை? அதே உருளைக்கிழங்குக்கு! ஒரு கிழங்குச் சீமையில் எழுதிய மென்பொருள் இன்னொரு கிழங்குச் சீமையின் பாட்டிமார் குரலைக் காக்கக் கூடியதாக இருக்கிறது. மென்பொருளின் சின்னம் ஒரு சிங்கறால். இதைக் கேட்டுச் சிரிக்காத ஊவாக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நடுவில் பாலம் போட்டது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம். ஸ்காபரோ என்றால் தமிழர் நெருங்கி வாழும் இடம். அந்த நூலகத்தின் எண்ணிமப் பிரிவு ஐலண்டோராவில் கை தேர்ந்தது. வளாகத்திலேயே தமிழ் ஆய்வுக்கென்று முன்னெடுப்பு ஒன்றும் இருக்கிறது. நூலக நிறுவனத்திடம் ஆவணமும் அதைப் பற்றிய அறிவும் உண்டு, ஸ்காபரோவிடம் தொழில்நுட்பக் கையும் வழங்கிப் பலமும் உண்டு. இரண்டு பக்கமும் கொடுக்கிறது, இரண்டு பக்கமும் வாங்குகிறது. கூட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளிநாட்டில் கழித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மாலை போட்டுப் படம் பிடித்துப் போவதையும் கூட்டு என்கிறார்கள். பனி விழுகிற ஊர்ப் பன்றிக்குட்டிக் கதையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எதைப் பிடித்து ஏறும்? அந்தப் பெட்டிகளில் பல திறந்த கையோடு மூடியவை.

கூட்டுக்கு ஒரு நல்ல விதியும் உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2004 இல் தொடங்கிய அழிவுநிலை ஆவணத் திட்டம், ஆர்க்கேடியா நிதியத்தின் பணத்தில் உலகெங்கும் மானியம் தருகிறது. யாழ்ப்பாணப் பக்கத்து ஏட்டுச்சுவடிகள் இந்தத் திட்டத்தின் கீழ் எண்ணிமமாகியிருக்கின்றன. அவர்களின் நிபந்தனை: மூலம் அந்த நாட்டை விட்டு வெளியேறக்கூடாது, பிரதி ஒன்று உள்நாட்டு நிறுவனத்தில் இருக்க வேண்டும். 2018 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் நூலகமும் அதே நிதியத்தின் துணையோடு 20 ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு இப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. மலையகத்துக்கு இரண்டாவதுதான் தைத்தாற்போல் பொருந்தும். நமது ஆவணங்களில் பெரும்பகுதி போன நூற்றாண்டுக் காகிதம்தானே.

இந்த விதி வானத்தில் இருந்து குதிக்கவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் தமிழ் அச்சுப்பொருள்கள், அவர் 1992 இல் காலமான பின் சிதறிப் போகக் கூடிய நிலை. சிக்காகோப் பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை! மூலம் சென்னையில் நூலகமாக நின்றது, மைக்ரோஃபிலிம் சிக்காகோவுக்குப் போனது. வாங்கிய பொருளை வாங்கிய இடத்திலேயே விட்டுவைத்த அந்த முடிவுதான் பின்னால் வந்த எத்தனையோ கூட்டுகளுக்கு வழி காட்டியது.

அதற்கும் முன்னால் கோதுமைக் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1954 இன் சட்டம் ஒன்றின்படி அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்று விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? 1962 முதல் அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதுடில்லியில் இருந்து இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ் நாவல்களும் மூட்டை மூட்டையாகப் போயின. கோதுமைக் காசு போய் நூலக அலுவலகம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் புதுடில்லி அலுவலகம் இலங்கைப் புத்தகங்களையும் சேர்க்கிறது. ஆகவே ஹட்டனில் 300 பிரதி அச்சடித்து, 50 ஐ நண்பர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை வீட்டில் அடுக்கி வைத்துக் கவலைப்படுகிற மலையகக் கவிஞரே, உங்கள் புத்தகம் அமெரிக்காவில் ஒரு தட்டில் நம்பரோடு நிமிர்ந்து நிற்கக்கூடும். பட்டியலில் தேடிப் பாருங்கள்!

*

இனி மீரியபெத்தைக்குப் போக வேண்டும். இங்கே துள்ளலை நிறுத்திக்கொள்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு மேலே மலை சரிந்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் பலர், அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. பெட்டிகளும் போயின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் படம், பிள்ளையின் கொப்பி. மண்ணுக்குள் போன ஒரு படத்துக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

அந்த மலைச்சாரல் ஆபத்தானது என்பது எழுத்தில் இருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அதற்கும் முன்னால், 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு மண்சரிவு அபாய வரைபடப் பணி இலங்கையில் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் எவை? பதுளையும் நுவரெலியாவும். உலக அறிவும் உள்நாட்டு அறிவும் கைகோத்து உருவாக்கிய வரைபடம். அது யாருக்காக வரைந்ததோ அவர்களின் கையில், அவர்களின் மொழியில், அவர்களின் லயம் எது, ஓடை எது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய வடிவில் இருக்க வேண்டியது.

வரைபடம் மட்டும் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை தெரிந்தாலும் போவதற்கு நிலம் வேண்டும், வீடு வேண்டும். மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016 இல், சரிவுக்குப் பிறகு. நிலம் கொடுக்காத குற்றத்தை நூலகத்தால் ஈடுசெய்ய முடியாது. ஆனால் நிலம் கேட்டுப் போராடுகிறவர் கையில் அந்த வரைபடம் இருந்தால் பேச்சின் பலமே வேறு. ‘எங்களுக்குப் பயமா இருக்கு’ என்பதற்கும், ‘உங்கள் நிறுவனமே இந்த ஆண்டு இப்படி எழுதியிருக்கு, இதோ பக்கம்’ என்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தை நிரப்புவது நூலகத்தின் வேலை.

ஆகவே மீரியபெத்தைப் பக்கம் ஒரு வாசிகசாலை வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், முதல் சுவரில் அந்த அபாய வரைபடம் என்பேன், தமிழிலும் சிங்களத்திலும், வருஷா வருஷம் புதுப்பித்து. அடுத்தது சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இலக்கியம் பேசுகிற நமக்கு வினாத்தாள் சின்ன விஷயமாகத் தெரியும். தனியார் வகுப்புக்குக் காசில்லாத பிள்ளைக்கு அதுதான் ஏணி. வினாத்தாளுக்காக உள்ளே வந்த பிள்ளை பக்கத்துத் தட்டில் தெளிவத்தையைப் பார்த்து எடுக்காதா? எடுக்கும்!

சிக்னல் இல்லையே என்றால், அதற்கும் வழி வந்துவிட்டது. கிவிக்ஸ் என்று ஒரு திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்து 2007 முதல் இயங்குகிறது. விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சுருட்டித் தருகிறது, இணையம் இல்லாமலே வாசிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளும் அப்படிக் கிடைக்கின்றன. உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் இதை ஏற்றி, கூடவே மலையகப் புத்தகங்களையும் வினாத்தாள்களையும் ஏற்றி, வைஃபை போட்டுவிட்டால், அறைக்குள் வருகிற எல்லாப் போனுக்கும் அது நூலகம். ரீலோட் தேவையில்லை, எம்பி பார்க்கத் தேவையில்லை. பருவத்துக்கு ஒரு தடவை பதுளைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்து வந்தால் போதும்.

கொஸ்லந்தையில் இருந்து ஹப்புத்தளைக்கு மேலே ஏறினால் அடிஷாம் பங்களா இருக்கிறது. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1930களின் தொடக்கத்தில் கட்டியது, இப்போது பெனடிக்ற் துறவியர் மடம். வில்லியர்ஸின் நூலக அறையைத் துறவிகள் அப்படியே காத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனம் வரிசையில் நின்று பார்க்கிறது, நீங்களும் பாருங்கள், அழகான அறை. அதே மலைத்தொடரில் ஒரு துரையின் புத்தகங்களுக்கு இவ்வளவு கவனிப்பு இருக்க முடியும் என்றால், கொழுந்து எடுத்தவர்களின் எழுத்துக்கும் ஓர் அறை கேட்பது பேராசையே இல்லை.

*

விடைபெறுமுன், இப்போது எனக்கு அதிகம் பரபரப்பு ஊட்டுகிற வேலையைக் காட்டிவிடுகிறேன்.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்களில் நிறையப் பேர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில் மறுபடியும் கொழுந்து எடுத்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. கடிதத்தின் கேள்வி கூடலூரில் கிடக்கிறது, பதில் பதுளையில் கிடக்கிறது. கல்யாணப் படத்தில் நிற்கிறவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்த அத்தை அங்கே, படம் இங்கே. இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து ஒரே பட்டியலில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! பல வருஷங்களுக்கு முன் தலைமன்னார்த் துறையில் பிரிந்த உரையாடல் திரையில் வரிசையாக வந்து நிற்கும். இதற்கு ரொறன்ரோவும் வேண்டும், சென்னையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோத்தகிரியில் ஓர் அத்தையும் ஹாலிஎலையில் ஒரு மருமகனும் ஒரே நேரத்தில் போனில் இருக்க வேண்டும்.

குடும்பக் காகிதம் என்பதால் எல்லாவற்றையும் உலகத்துக்குத் திறந்துவிடவும் கூடாது. அடையாள எண் இருக்கிற தாள், வழக்குக் காகிதம், உயிரோடு இருப்பவரின் சொந்த விஷயம் இவை பூட்டிய அறையில் இருக்கும். எது திறக்கலாம், எது கூடாது என்று குடும்பம்தான் சொல்லும். நல்ல ஆவணக்காரர் ஸ்கேனரைப் போடுமுன் அந்தப் பேச்சைத்தான் முதலில் பேசுவார்.

உங்கள் வீட்டுப் படங்களை நீங்களே ஸ்கேன் செய்து அனுப்பப்போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும், சில வேளை பென்சிலால் எழுதிய தேதியும். அந்தப் படம் எந்த ஊரில், எந்த வருஷம் பிடித்தது என்று பட்டியல்காரர் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.